பின்கதவால் வந்த காற்று

இத்தாலியின் பலெர்மோ நகரில், பிரான்காச்சோ பகுதியில் முதலாளி சல்வாத்தோரேயின் இரும்புப் பட்டறை. வெல்டிங் றோபோ வந்திறங்கிய அன்றே அதை இயக்கக் கேசிகாவும் வந்தாள். பலெர்மோவிலேயே வளர்ந்தவள்; தொழிற்பயிற்சி முடித்து அவளுக்குக் கிடைத்த முதல் வேலை. மன்னாரிலிருந்து வந்த யாக்கோபு அங்கே பல வருடங்களாகக் குச்சி வெல்டிங் செய்துவந்தார்.

எந்த வகை வெல்டிங் இந்த றோபோவுக்கு உதவும் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் கேசிகாவிடம் கேட்டார். டிக் முறையில் ஒட்டு அழகாக வரும், ஆனால் மெதுவானது என்றாள். குச்சி எரிந்து தீரும். ஒவ்வொரு தடவையும் மாற்றவேண்டும், மேலே படியும் கசடைத் தட்டி எடுக்கவேண்டும். மிக் முறையில் சுருளிலிருந்து கம்பி தானாக வந்துகொண்டிருக்கும், றோபோவுக்கு அதுதான் சரி.

"கேட்டாயா?" முதலாளி யாக்கோபுவின் முதுகில் தட்டிச் சிரித்தார். "கோடைக்குப் பிறகு எனக்கு ஒரு ஆள் போதும்."

சாப்பாட்டு நேரம் அவள் யாக்கோபுவின் பக்கத்தில் வந்து இருந்து, தன் புட்டில் பாதியை அவருக்கு வைத்தாள்.

"மனசில வைக்காதேங்கோ மாமா. வெளி வேலைக்கு உங்கட குச்சிதான். மிக் காத்துப் பட்டாப் போச்சு. ஒட்டை மூடிக் காக்கிற காஸ் கலைஞ்சிடும், ஒட்டுக்குள்ள ஓட்டை ஓட்டையா வரும்."

"அப்பிடியோ பிள்ளை" என்று சொல்லிவிட்டு யாக்கோபு புட்டைச் சாப்பிட்டார்.

மறுநாளிலிருந்து, றோபோ வேலையில் இருக்கும்போது, திரைச்சீலைக்குப் பின்னால் இருந்த உருட்டுப் பின்கதவை அவர் சற்றே தூக்கிவிடுவார். கடற்காற்று உள்ளே வரும். அவள் நிறுத்தினால் கதவை இறக்கிவிடுவார். ஒட்டுகளில் ஊசித் துளைகள் விழத் தொடங்கின. அவள் சிலிண்டரைப் பார்த்தாள், குழாயை மாற்றினாள், இரும்பைத் துடைத்துத் துடைத்து வைத்தாள்.

"மாமா, பின்கதவு திறந்து கிடந்ததோ?"

"இல்லையே. ஏன்?"

"ஒண்டும் விளங்கேல்லை. இந்த வேலை போனா இங்க தங்கிறதுக்கான பெர்மெசோவைப் புதுப்பிக்கேலாது."

"உனக்கு இன்னும் கை படியேல்லைப் போல" என்றார்.

அவள் தலையாட்டினாள். அவர் சொன்னதை நம்பினாள்.

பால்கனிக் கம்பி வாங்க வந்த வாடிக்கையாளர் முன்னால் முதலாளி ஒரு சுத்தியலால் ஒட்டைத் தட்டினார். அது பிஸ்கோத்துபோல உடைந்தது. அடுத்ததும் உடைந்தது. பெண்ணிடம் இயந்திரத்தைக் கொடுத்தது தன் பிழை என்று கத்தி, அவளை அப்போதே போகச் சொன்னார். அவள் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்தாள். யாக்கோபு அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்பிடம் வரை போனார்.

"நீங்கள் ஒராள்தான் மாமா என்னோட அன்பாக் கதைச்சது" என்றாள்.

பஸ் போன பிறகு திரும்பி வந்து அடுத்த குச்சியைப் பொருத்தினார். றோபோவைத் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். அன்று அவருடைய கை வழமையைவிட நிதானமாக ஓடியது.

சில வாரங்கள் கழித்து, போர்கோ வெக்கியோ சந்தையில் கேசிகாவின் தாய் குகனேஸ்வரி அவரை மறித்தாள். மகள் அறையை விட்டு வெளியே வருவதில்லை என்று சொல்லி, ஏதாவது வேலை இருந்தால் சொல்லும்படி கேட்டாள்.

"ஒரு வயசான சின்யோரா இருக்கிறா" என்றார் யாக்கோபு. "படுக்கையில. கழுவித் துடைக்கவேணும், அங்கையே தங்கவேணும். மனிசி கொஞ்சம் அடிக்கும். ஆனா பெர்மெசோவுக்குக் கையெழுத்து வைப்பா."

குகனேஸ்வரி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "கடவுள் மாதிரி வந்தியள் அண்ணை."

"எங்கட பிள்ளைதானே" என்றார் அவர். "நாளைக்கே அனுப்புங்கோ."