லீலாபாய் கொலையுண்ட கதை

சத்தியநேசன் தம் நாவல்களில் கொன்றவர்கள் எல்லாரும், புத்தகம் அச்சாகி வந்த கையோடு, களியக்காவிளையில் அவர் வீட்டுக்கே குடிவந்தார்கள். விஷம் வைத்துக் கொல்லப்பட்ட ஜமீன்தார் கட்டிலைப் பிடித்துக்கொண்டார். கழுத்து நெரிபட்ட வங்கிக் குமாஸ்தா அடுக்களை வாசலில் படுத்தான். கத்திக்குத்து வாங்கிய நாடக நடிகை கண்ணாடியை விட்டு நகரவில்லை. ஊர்க்காரர்கள் முதலில் கொஞ்சம் முணுமுணுத்தார்கள், பிறகு மரச்சீனிக் கிழங்கு விலையைப் பேசப் போய்விட்டார்கள். இத்தனை பேர் இருந்தும் சத்தியநேசனுக்குப் பேச்சுத்துணை கிடையாது. அவர்களுக்குத் தங்கள் கொலையை விட்டால் வேறு பேச்சில்லை, சாப்பிடவும் மாட்டார்கள். ஒற்றை ஆளுக்குக் கஞ்சி வைத்து ஒற்றை ஆளாய்க் குடித்து அவர் இளைத்துப்போனார்.

அவருக்கு வேண்டியவள் ஒருத்திதான். மனைவி லீலாபாய் நாற்பத்தேழாம் வருஷம் விஷக்காய்ச்சலில் போய்ச்சேர்ந்தாள். காய்ச்சலில் செத்ததாகவே அவளை ஒரு கதையில் எழுதிப் பார்த்தார். கதை அச்சானது, அவள் வரவில்லை. கொலையுண்டவர்கள்தான் வருவார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. கொலை என்றால் கொலைகாரன் வேண்டும். அவள்மேல் எவனோ ஒருவன் கை படுவதை எழுத அவருக்கு மனசு வரவில்லை. பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக வருஷங்கள் போயின.

ஐம்பத்திரண்டில் நாகர்கோவிலில் துப்பறியும் நாவலாசிரியர்கள் மாநாடு கூட்டினார்கள். சத்தியநேசன் பஸ் ஏறியபோது செத்தவர்களும் கூடவே ஏறினார்கள். கண்டக்டர் அவர்களையும் சேர்த்தே உள்ளே தள்ளி நிற்கச் சொல்லி அதட்டினார். மண்டபத்தில் மற்ற எழுத்தாளர்கள் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருக்க, இவரிடம் யாரும் வந்து பேசவில்லை. பின்வரிசை முழுக்க இவருடைய வாசகர்கள் என்று நினைத்து மதுரைக்காரர் ஒருவர் வயிறெரிந்ததோடு சரி. மத்தியானப் பந்தியில் இவருக்கு இருபுறமும் இலைகள் தொடப்படாமல் கிடந்தன.

சாயங்காலம் கேள்வி நேரத்தில் சத்தியநேசன் எழுந்தார். "ஒரு பொம்பள கொலையாவா. ஆனா கொன்னவன்னு ஒருத்தன் இல்ல. இப்பிடி ஒரு கதை எழுதப் பற்றுமா?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. தலைமை தாங்கிய வள்ளிநாயகம் பிள்ளை, பெரிய கைகாரர், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "அது எப்பிடி வேய் பற்றும்? குத்தவாளி இல்லாம கொலை உண்டுமா? அவன் முதல் அத்தியாயத்துலயே வந்திருக்கணும். கடைசியில எவனையாவது கொண்டுவந்து நிறுத்தினா வாசகனை ஏமாத்துததாக்கும்." எல்லாரும் கைதட்டினார்கள். லீலாபாய்க்கென்று சத்தியநேசன் மனசுக்குள் வைத்திருந்த முதல் அத்தியாயத்தில் இரண்டே பேர்தான் இருந்தார்கள்: தேங்காய் துருவுகிற அவள், பக்கத்தில் உட்கார்ந்து அவளைச் சிரிக்க வைக்கிற அவர்.

தொழிலின் சட்டத்தை மீறாமல் எழுதினார். கொலைகாரனுக்குத் தம் பெயரையே வைத்தார். தலையணையை அழுத்தும் இடம் வந்தபோது வாய்விட்டு அழுதார்; ஜமீன்தாரும் குமாஸ்தாவும் என்ன செய்வதென்று தெரியாமல் முற்றத்தில் போய் நின்றார்கள்.

புத்தகம் வந்த மறுநாள் மத்தியானம் லீலாபாய் நடையேறி வந்தாள். காய்ச்சல் விட்டிருந்தது. வீடு கிடந்த கோலத்தைப் பார்த்தாள், ஜமீன்தாரைக் கட்டிலிலிருந்து எழுப்பிவிட்டாள், பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"என்னக் கொல்லதுக்கு இம்புட்டு வருஷம் வேணுமா உங்களுக்கு?"

சர்ச்சில் சபைக்கமிட்டி கூடியது. அவளுடைய சவப்பெட்டியைச் சுமந்தவர்களே கமிட்டியில் இருந்தார்கள். ஆனாலும் அச்சில் வந்ததை இல்லையென்று சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. பெண்டாட்டியைக் கொன்றவனுக்குச் சபையில் இடமில்லை என்று தீர்மானமாயிற்று. லீலாபாய்மேல் ஒரு குற்றமும் இல்லாததால், பெண்கள் பக்கத்துப் பாயில் இருந்தவர்கள் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள். ஞாயிறுதோறும் அவள் உள்ளே கீர்த்தனை பாடுவாள். ஆராதனை முடிகிறவரை சத்தியநேசன் வெளியே புன்னைமரத்தடியில் அவள் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.