நீலப் புள்ளி

காலையில் சசிரேகா வெளியே வந்தபோது கார் தானாகவே உறுமிக்கொண்டு நின்றது. சாவி அவள் கையில்தான் இருந்தது. கதவைத் திறந்தால் உள்ளே ஏசி சில்லென்று வீசியது. தேயிலை மேட்டில் பனி இன்னும் விலகவில்லை. சுவெட்டரை இறுக்கிக்கொண்டு நிற்பவளுக்கு ஏசி! ஈப்போவில் அவள் கணவன் குணாளன் கண் விழித்துவிட்டான் என்று அர்த்தம்.

அவள் ஏசியை அணைத்தாள். முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது ஒன்றும் வருவதில்லை. ராத்திரி தூங்கி எழுந்த உடம்பு அதற்குள் ஒரு நாள் வேலை பார்த்ததுபோல் கனத்தது.

கணவனைப் பிரிந்து, ரிங்லெட் பக்கத்துத் தோட்டத்தில் சின்னம்மா அம்மாக்கண்ணுவின் லைன் வீட்டுக்கு அவள் வந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. குணாளன் அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை. கேட்கிறவன். எங்கே போனே, யாரோடு பேசினே, ஏன் இவ்வளவு நேரம். பதில் சொல்லிச் சொல்லியே அவள் ஓய்ந்துபோனாள்.

கார் அவள் பெயரில் இருந்தது, அவள் சம்பளத்தில் வாங்கியது. எடுக்கப் போன அன்று, காரோடு பேசும் செயலியை யாருடைய போனில் போடுவது என்று கடைக்காரப் பையன் கேட்டான். குணாளன் தன் போனை நீட்டினான். அப்போது அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. இப்போது அந்தப் போனிலிருந்தே அவன் கதவைப் பூட்டுவான், ஹாரன் அடிப்பான். கார் எங்கே நிற்கிறது என்பது வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளியாக அவனுக்குத் தெரியும்.

செயலியைத் தன் போனுக்கு மாற்றித்தரச் சொல்லி சர்வீஸ் சென்டருக்குப் பல தடவை போன் போட்டுப் பார்த்தாள்.

"அவரோட போனுக்கு ஒரு நம்பர் வரும் அக்கா. அதைச் சொன்னாத்தான் மாத்த முடியும்," என்றாள் அங்கிருந்த பெண்.

"அவர்கிட்டேருந்துதாம்மா எடுக்கணும்னு சொல்றேன்."

"அவரையே கேட்டுப் பாருங்களேன்."

திரிங்காப்பில் பூப் பண்ணை ஒன்றில் அவளுக்கு வேலை. ஒருநாள் வழியில் லாரிக்கு ஒதுங்கி நின்றாள். 'பச்சைக் கூரை வீட்டு வாசலில் என்ன வேலை?' என்று குறுஞ்செய்தி வந்தது. அதற்குப் பிறகு அவள் வழியில் எங்கும் நிறுத்துவதை விட்டாள். கீரை வாங்குவதை விட்டாள். பழைய சிநேகிதி சாந்தினி வீட்டுக்குப் போவதை விட்டாள். எந்தக் கேள்வியும் வராத இடமாகப் பார்த்துப் புள்ளியை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினாள்.

அன்று காலை வேலைக்குப் போக முடியவில்லை. சின்னம்மாவுக்குக் காய்ச்சல். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது தூறல் ஆரம்பித்திருந்தது. சின்னம்மாவை உட்காரவைத்துப் பொத்தானை அழுத்தினாள். கார் கிளம்பவில்லை. வண்டி பூட்டப்பட்டிருக்கிறது என்று திரையில் எழுத்து ஓடியது. வண்டி திருடு போனால் பயன்படுத்துகிற பூட்டு அது.

போன் அடித்தது.

"ஆஸ்பத்திரியில உனக்கு என்ன வேலை?" என்றான் குணாளன்.

"சின்னம்மாவுக்குக் காய்ச்சல். காடியைத் திறந்து விடுங்க."

"காய்ச்சலுக்கு ரிங்லெட்லயே கிளினிக் இல்லையா? போனை அவங்ககிட்ட குடு."

கொடுத்தாள். அம்மாக்கண்ணு போர்வையை விலக்கிக்கொண்டு, பல் கிடுகிடுக்க, "நாந்தான் மாப்பிளே. எனக்குத்தான் காய்ச்சல்," என்றாள். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் உயிர் பெற்றது.

இரண்டு வளைவு தாண்டியதும் சின்னம்மா அவள் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நம்புவீங்களா சின்னம்மா? அவர் ஈப்போவுல இருக்காரு, ஆனா காடிக்குள்ளயும் இருக்காருன்னு?"

"இதே காடியை இன்னும் வச்சு ஓட்டுறியே, அதைத்தாம்மா நம்ப முடியல."

சின்னம்மாவைப் படுக்கவைத்துக் கஞ்சி கொடுத்துவிட்டு, சசிரேகா நேராக ரிங்லெட்டுக்குப் போனாள். கடை வரிசைக்குப் பின்னால் சுகுமாரனின் பட்டறை. அவன் காய்கறி லாரிகளைப் பழுது பார்க்கிறவன். காரைக் குணாளனின் போனோடு பேசவைக்கும் பெட்டியைக் கழற்றித் தரச் சொன்னாள். காருக்குள் தலையை விட்டுப் பார்த்தவன் தயங்கினான்.

"இந்த மாதிரி நான் செஞ்சதில்லக்கா. போன்ல வீடியோ பாத்துத்தான் கழட்டணும், ரொம்ப சூசா லா, கஷ்டமான வேலை. வாரண்டி போயிரும். ஆபத்துன்னா அழுத்துற பட்டனும் அப்புறம் வேலை செய்யாது. மலைல எங்கயாச்சும் விழுந்தா ஒருத்தருக்கும் தெரியாது."

"பரவாயில்ல. கழட்டுங்க."

அவன் தப்பான மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டி, வேறொன்றைக் கழற்றினான். ஒரு கிளிப் உடைந்தது. மதியம் தாண்டியபோது உள்ளங்கையில் அடங்கும் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தான். பிறகு, பிரித்ததையெல்லாம் திரும்ப மாட்டத் தொடங்கினான். சசிரேகா அங்கிருந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்தாள். போன் அடித்தது. எடுக்கவோ எழுந்திருக்கவோ தோன்றவில்லை.

வேலை முடிகிற நேரத்தில் குணாளன் வந்து நின்றான். புள்ளி கடைசியாகத் தெரிந்த இடம் அதுதான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"புள்ளியைக் காணோம் சசி. போன் போட்டாலும் எடுக்கல. பள்ளத்துல விழுந்துட்டியோன்னு... எப்படி ஓட்டிட்டு வந்தேன்னு எனக்கே தெரியல."

அவன் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அது தெரிந்தது. உண்மையாகவே பயந்துதான் வந்திருக்கிறான். அவன் எப்போதும் பயந்துதான் கேட்டான். அவனைத் திட்டிவிட்டால் இலகுவாக இருக்கும். திட்டுவதற்குக்கூட அவளிடம் மிச்சம் எதுவும் இல்லை.

எழுந்துபோய் அந்தப் பெட்டியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"நீங்க தேடி வந்தது இதுதான். எடுத்துக்கிட்டுப் போங்க."

"உனக்கு ஒண்ணு ஆனா எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்க. யாருக்கும் யாரைப் பத்தியும் அப்படித்தான்."

"நான் கேட்டதெல்லாம் அக்கறையில கேட்டது, சசி."

"இருக்கலாம். காலையில எனக்கு முன்னாடி அந்த அக்கறை காடிக்குள்ள வந்து உக்காந்துக்குது. என்னால முடியலங்க. இனி ஏதாவது கேக்கணும்னா போன் பண்ணுங்க. எனக்குப் பேசணும்னு இருந்தா எடுப்பேன்."

சுகுமாரன் ஸ்பேனரைத் துடைப்பதுபோல் திரும்பி நின்றான். குணாளன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு தன் காரை நோக்கி நடந்தான். அவன் போன பிறகும் அவள் சற்று நேரம் அங்கேயே நின்றாள். பின்தொடர்வானோ என்ற நினைப்பு அவ்வளவு சீக்கிரம் போகிறதாக இல்லை.

திரும்பும் வழியில் திரையில் மஞ்சள் விளக்கு ஒன்று விடாமல் எரிந்தது. மூடுபனி இறங்கி, வளைவுகள் கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தன. சுகுமாரன் சொன்னது ஞாபகம் வந்தது. பயமாகத்தான் இருந்தது. அணைக்கட்டு ஏரி ஓரம் அகலமான இடம் கண்டதும் காரை ஒதுக்கினாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

எஞ்சினை அணைத்தாள். போனை எடுத்துப் பார்த்தாள், புதிதாக ஒன்றும் வரவில்லை. இருக்கையைச் சாய்த்து, சுவெட்டரை மடித்துத் தலைக்கு வைத்தாள். கண்ணை மூடியதுதான் தெரியும்.

எழுந்தபோது கண்ணாடி முழுவதும் ஈரம் படர்ந்திருந்தது. எவ்வளவு நேரம் தூங்கினாள் என்று அவள் பார்க்கவில்லை. சின்னம்மாவுக்கு மாத்திரை கொடுக்க வேண்டும். கழுத்தைத் தடவிக்கொண்டே வண்டியை எடுத்தாள்.