பாதி விலைக்கு பியமெத்தா

ஆரணியில் ஒரு கடைக்காரர் புடவைக்குப் புது டிசைன் போட்டால், மறுவாரமே அது சேவூர்த் தறிகளில் ஏறிவிடும். பட்டுக்கடை மணவாளனுக்கு இதை நினைத்து வயிறு எரியாத நாளில்லை. அவர் மட்டும் பிறத்தியார் டிசைனில் கைவைத்ததே இல்லையா என்று கேட்காதீர்கள். அதற்கு அவர் வைத்திருந்த பேர் தொழில்.

எழுபத்தாறில் மகள் பிறந்ததும் மனுஷன் சபதமே போட்டார். இவள் பேரையாவது ஒருத்தனும் காப்பியடிக்கக் கூடாது. மனைவி உண்ணாமலை, வழக்கப்படி மாமியார் பேரான அபிதகுசாம்பாளை வைக்கலாம் என்றாள்.

"தெருவுக்குத் தெரு அபிதா கீறா. எம் பொண்ணு பேரு எவளுக்கும் இருக்கக் கூடாது" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பட்டு வாங்க ஓர் இத்தாலிக்காரி வந்து சேர்ந்தாள். யாருக்கும் இல்லாத பேராக ஒன்று இவர் கேட்டதை, அவளோடு வந்த மெட்ராஸ் ஏஜெண்ட் மொழிபெயர்க்க, அவள் தன் அத்தை பேரைச் சொன்னாள்: பியமெத்தா. சின்னச் சுடர் என்று அர்த்தமாம். அவர்கள் நாட்டிலேயே அபூர்வமாம். அங்கேயே அபூர்வம் என்றால் ஆரணியில் கேட்கவா வேண்டும்! பேர்வைக்க வந்த ஐயர் அதை உச்சரிக்கப் பட்ட பாடு இருக்கிறதே, ஐயோ பாவம்.

"சுடர்னுதானே அர்த்தம்? தீபான்னே வச்சிருக்கலாமே" என்றாள் உண்ணாமலை.

"போடி இவளே. தீபான்னு கூப்ட்டா ரேஷன் கடை க்யூல பத்து பேரு திரும்புவாங்க."

சும்மா சொல்லக் கூடாது, ஆறு வருஷம் அந்தப் பேர் பத்திரமாகத்தான் இருந்தது. மணவாளனுக்குத்தான் கை அரித்தது. இவ்வளவு நல்ல பேர் வீட்டில் சும்மா கிடக்கிறதே! கரையில் ஜரிகைச் சுடர் வைத்து ஒரு செங்கல் நிறப் புடவை போட்டு, அதற்கு 'பியமெத்தா' என்று பேர் வைத்தார்.

"புள்ள பேரப் போயி பொடவைக்கு வைக்கிறீங்களே, வேணாங்க" என்றாள் உண்ணாமலை.

"சொந்தப் பொண்ணு பேருடி. எவன் கைவைப்பான்?"

புடவை பிய்த்துக்கொண்டு போனது. களம்பூர் ரைஸ் மில்காரர் வீட்டுப் பெண்கள் பஸ் பிடித்து வந்து கேட்டார்கள். எதிர்க்கடை கந்தசாமி ஒரு மாதம்கூடப் பொறுக்கவில்லை. அப்புறம் ஊரெல்லாம் பியமெத்தா. போலி ஜரிகையிலும் வந்தது, சாயம் போகிற ரகத்திலும் வந்தது. வந்த வேகத்தில் மவுசும் போனது. மறு தீபாவளிக்கு மணவாளன் கடையிலேயே, அவரே சொல்லி, ஒரு பலகை தொங்கியது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் அதன் கீழே நின்று எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"பழைய பி... ய... மெத்தா... பாதி விலைக்கு."

படித்து முடித்ததும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். கண் நிறைந்திருந்தது.

"கிளாஸ்ல எல்லாரும் எம் பாவாடைக் கரையப் புடிச்சிப் பாத்து, சாயம் போவுமான்னு கேக்கறாங்கப்பா. எனுக்கு விக்காத பேரா ஒண்ணு வைப்பா."

மணவாளனுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. பலகையைக் கழற்றத்தான் எழுந்தார், சத்தியமாக. அதற்குள் வாசலில் ஓர் அம்மாள் செருப்பைக் கழற்றியபடி தலையை நீட்டினாள்.

"பியமெத்தா பாதி வெலதானேங்க?"

மகள் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்கம்மா" என்றார் மணவாளன். "உள்ள வாங்க, இன்னும் கொறைச்சித் தரேன்."