பெயர்நாள் வீட்டுக் கதவு

கப்பல் அஸ்ப்ரோனிசித் தீவை நெருங்கும்போதெல்லாம் ஆர்கிரோ தன் அறைக்குள் போய்க் கறுப்பு உடைக்கு மாறிவிடுவாள். மற்ற தீவுகளில் பயணிகளுக்குப் பழைய கோயில்களைக் காட்டும் வழிகாட்டி, இந்தத் துறையில் மட்டும் பனயோதாவின் விதவை மருமகள். கறுப்பைக் கழற்றினால் வாசலை மிதிக்காதே என்று மாமியார் சொல்லியிருந்தாள். மகள் கலியோபி அந்த வீட்டில் தங்கித்தான் படிக்கிறாள். அந்த ஒரு பேச்சு ஆர்கிரோவை இத்தனை காலம் கட்டிப்போட்டிருந்தது.

இன்று அவள் மஞ்சள் கவுனில் இறங்கப் புறப்பட்டாள்.

அவளிடம் கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டுப் பதிலுக்காகப் பொறுமையாகக் காத்திருந்த கேப்டன் ஸ்த்ராதிஸ் பதறிப்போனார்.

"அந்தம்மா கதவைச் சாத்திடுவாங்க, ஆர்கிரோ."

"இன்னைக்குச் சாத்த முடியாது. மாதா திருநாள். மாதா பேரை வச்சிருக்கிற அத்தைக்குப் பெயர்நாள். நீங்களும் நல்ல சட்டையாப் போட்டுட்டு வாங்க."

பெயர்நாளுக்கு அங்கே யாரும் யாரையும் அழைப்பதில்லை. வந்தவர் யாரானாலும் இனிப்புக் கொடுக்காமல் அனுப்புவதும் இல்லை. அப்படி அனுப்பிய வீட்டின் மானம் கடைத்தெருவில் சந்தி சிரித்துவிடும்.

மலைமேல் அப்பல்லோ கோயிலின் உடைந்த தூண்களைக் காட்டிவிட்டு இறங்கியவள், நினைவுப்பொருள் கடைகள் பக்கம் திரும்பாமல் பயணிகளை மேல்தெருவுக்கு நடத்திப் போனாள். அடுத்து எந்தக் கோயில் என்று ஒருவர் கேட்டதற்கு, என் மாமியார் வீடு என்றாள்.

முற்றம் நிறைய அக்கம்பக்கத்தார். மஞ்சள் கவுனைக் கண்டதும் பேச்சு அடங்கியது. மீன்காரர் மனைவிக்கு மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை.

"பனயோதா, உன் மருமக கப்பலையே கூட்டிட்டு வந்துட்டா. ஜாடியில செர்ரி இருக்கா?"

"பல்லாண்டு வாழணும், அத்தை" என்று குனிந்து முத்தமிட்டாள் ஆர்கிரோ.

கிழவி அவள் காதோரம் சீறினாள். "என் மகன் மண்ணுக்குள்ள இருக்கான். நீ மஞ்சள்ல வந்து நிக்கிற."

"அவருக்காக அழறதை நான் விடல, அத்தை. கறுப்பைத்தான் விட்டேன். இவர் ஸ்த்ராதிஸ். இவரைக் கட்டிக்கப் போறேன். ஊர் வந்து சொல்றதுக்கு முன்னால நானே சொல்லிடறேன்."

ஸ்த்ராதிஸுக்கே அது அப்போதுதான் தெரியும். தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பனயோதா ஜாடியைத் திறந்தாள். பாகில் ஊறிய செர்ரியைச் சின்னச் சின்னத் தட்டுகளில் எடுத்து வைக்க, கலியோபி தண்ணீரோடு சேர்த்து எல்லோருக்கும் கொடுத்தாள். கேப்டனின் முறை வந்ததும் கிழவி ஜாடியை மூடிவிட்டாள். முற்றமே பார்த்தது.

ஆர்கிரோ அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தன் தட்டை நடுவில் வைத்து, கரண்டியை அவர் கையில் கொடுத்தாள். மீன்காரர் மனைவி தொண்டையைச் செருமினாள்.

பனயோதாவின் முகம் சிவந்தது. "ஒரு தட்டுல ரெண்டு பேர் சாப்பிடற பஞ்சம் என் வீட்டுக்கு வரல. கலியோபி, இன்னொரு தட்டு கொண்டா."

அந்தத் தட்டில் செர்ரி வழிய வழிய இருந்தது. ஆனால் கிளம்பும்போது கிழவி வாசலை மறித்தாள்.

"இது இன்னைக்கு மட்டும்தான். அடுத்த தடவை கறுப்புல வா."

"அடுத்த தடவையும் இதே மஞ்சள்தான், அத்தை. கதவு சாத்தியிருந்தா துறையிலயே நிக்கிறேன். என் மக அங்க வருவா."

கலியோபி பரிமாறிய தட்டைப் பாட்டியின் கையில் கொடுத்தாள். "அடுத்த தடவை எதுக்கு? இப்பவே வரேம்மா."

தெருவெல்லாம் சன்னல்கள் திறந்தன. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒதுக்குப்புறச் சந்து இருந்தும், ஆர்கிரோ கடைத்தெரு வழியாகவே துறைக்கு நடந்தாள்.