தப்பி வந்த முரசுக்காரன்

பொம்மை என்ற சொல்லைக் கேட்டாலே வில்ஃப் கார்சைடுக்குப் பற்றிக்கொண்டு வரும். "பொம்மை இல்லம்மா, சிப்பாய்" என்று பக்கத்து வீட்டுக்காரியைத் திருத்தித் திருத்தி அலுத்துப்போன மனிதர். கட்டைவிரல் உயரத்து ஈயச் சிப்பாய்கள், நெப்போலியனின் படை. நீலக் கோட்டு, மார்பில் குறுக்கே இரண்டு வெள்ளை வார். அந்த வாரை நேராக இழுப்பதில், இப்படிப் படைகளுக்குப் பெயிண்ட் அடித்து மேசையில் போர்க்களம் அமைக்கும் நாட்டிங்ஹாம் கிளப்பில் ஒரு காலத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

பக்கவாதம் வந்து அதில் மண்ணைப் போட்டது. வலது கை திரும்பி வந்ததென்னவோ உண்மை, ஆனால் நடுக்கத்தோடு வந்தது. பிரஷ்ஷைப் பிடித்தால் வார் புழு மாதிரி நெளிந்தது. இந்தக் கை இனி எதற்காவது ஆகுமா என்ற கேள்வி அவரை அரித்தெடுத்தது.

ஆகும் என்று சொன்னவர் கீத் ஆர்மரோட். முப்பது வருடச் சிநேகிதம். இருவருக்கும் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. வில்ஃப் பெயிண்ட் அடிப்பார். கீத் சிப்பாய்களைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் அடித்தட்டில் ஒட்டி, மணல் தூவி, பொய்ப்புல் நட்டு, வார்னிஷ் அடித்துக் களத்துக்குக் கொண்டுவருவார்.

"எல்லாம் கோணலா வந்திருக்குடா," என்று பெட்டியை நீட்டவே கூசினார் வில்ஃப்.

"நீ அடி. மிச்சத்தை என் புல்லு பாத்துக்கும். காலடி நல்லா இருந்தா எவன்டா வாரைப் பாக்கப்போறான்?"

இந்த வேலை தெரிந்த எவரும் அதை நம்புவார்கள். சுமாரான சிப்பாயும் நல்ல தரையில் நின்றால் நிமிர்ந்துவிடுவான். முதல் வரிசை கிளப் மேசைக்கு வந்தபோது, இரண்டடி தள்ளி நின்று பார்த்த வில்ஃபுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை பேரும் கம்பீரமாக நின்றார்கள்.

"உன் புல்லுக்குச் சிலை வைக்கணும்டா," என்றார். கீத் சிரித்துக்கொண்டே வேறு பக்கம் திரும்பினார்.

அப்புறம் வில்ஃபைக் கேட்க வேண்டுமா! தினமும் காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். பிரஷ்ஷைத் தேநீரில் முக்குவார், பெயிண்ட் கரைத்த தண்ணீரை வாயில் வைத்துத் துப்புவார். அதற்கும் தானே சிரித்துக்கொள்வார். ஒரு முழுப் படைப்பிரிவே முடிந்தது.

டார்பியில் விளையாட்டரங்கு ஒன்றில் பரிசுப் போட்டியோடு பெரிய கண்காட்சி. கிளப்பின் மேசையில் வில்ஃபின் படைதான் முன்னணி. கீத் வருகிறவர் போகிறவரையெல்லாம் இழுத்து வைத்துச் சொன்னார்: "பக்கவாதம் வந்த கையால அடிச்சதுங்க! நம்ம வில்ஃப்!" யார் யாரோ முதுகில் தட்டினார்கள். வில்ஃபுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவர் கோட்டுப் பையில் ஒரு முரசுக்காரன் இருந்தான். மற்றவர்களோடு சேர்த்து அடித்தவன்தான். காயவைத்த இடத்திலிருந்து, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் பின்னால் விழுந்து, கீத் கைக்குப் போகாமல் தப்பியவன். காலையில்தான் அகப்பட்டான். அடித்தட்டுக்குப் பதிலாக இரண்டு பென்னிக் காசு ஒன்றில் அவனை ஒட்டி எடுத்துவந்திருந்தார். ஆசையாக அவனை வரிசையில் சேர்த்தார்.

சேர்த்த கை அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். முரசுக்காரனின் வார் நெளிந்திருந்தது. பக்கத்தில் நின்றவனின் வார் அளவுகோல் வைத்து இழுத்தது போல் இருந்தது. அடுத்தவனுக்கும், அதற்கடுத்தவனுக்கும் அப்படியே. புல் எங்கேயாவது வாரை நிமிர்த்துமா?

"கீத், இதெல்லாம் யாருடா அடிச்சது?"

"மெதுவாப் பேசுடா. நடுவருங்க வர்றாங்க." சொல்லிக்கொண்டே கீத் அந்த முரசுக்காரனை இரண்டு விரலால் எடுத்து, மேசையில் நட்டிருந்த குட்டி மரத்தோப்புக்குப் பின்னால் வைத்து மறைத்தார்.

கிளப்பின் செயலாளர், பாலின் என்ற பெண்மணி, அருகே வந்து கிசுகிசுத்தார்: "விடு வில்ஃப். உன் மனசு நோகக்கூடாதுன்னுதான் பாவம், கீத் ஒவ்வொண்ணா மறுபடி அடிச்சான்."

"உனக்கும் தெரியுமா?"

பாலின் தேநீர்க் குடுவையின் மூடியைத் திருகத் தொடங்கினார். கிளப் முழுவதற்கும் தெரிந்திருக்கிறது. அத்தனை பேரும் வில்ஃபின் முகத்துக்கு நேரே "பிரமாதம், பிரமாதம்" என்றிருக்கிறார்கள். அட, நாசமாய்ப் போக!

"கோணல்னு என்கிட்ட சொல்லியிருந்தா ஒரு நாள் அழுதிருப்பேன்டா," என்றார் வில்ஃப். "இப்படிக் கேனையனாக்கிட்டியே."

"பரிசு வாங்கணும்னு உனக்கும் ஆசைதானே?"

"எனக்கு அந்த மேசையில நிக்கணும்னு ஆசை. அங்க நிக்கிறது நீ. ஊருக்குச் சொல்லிக்க என் பக்கவாதத்தை மட்டும் எடுத்துக்கிட்ட."

கீத் வாயைத் திறப்பதற்குள் நடுவர்கள் வந்துவிட்டார்கள். அவர்களில் ஒரு அம்மாள் படையைக் குனிந்து பார்த்து, "பக்கவாதத்துக்கு அப்புறமா? நம்பவே முடியலையே!" என்றார்.

வில்ஃப் தோப்புக்குப் பின்னால் கையை விட்டார். முரசுக்காரனை எடுத்துப் படைக்கு முன்னால் வைத்தார். நடுங்கிய கை அவனைத் தட்டிவிட்டது. கீத் உதவப் பார்த்தார். "தொடாதே," என்றார் வில்ஃப். மறுபடி எடுத்து நிறுத்தினார்.

"இவன் மட்டும் ஏன் இப்படி இருக்கான்?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"இவன் ஒருத்தனைத்தாங்க நான் அடிச்சேன்."