ஒற்றை ஆள் கட்சி

தலைவர் அரசியலுக்கு வருமுன் பஸ் கண்டக்டர். அதனால் ஆளுங்கட்சிக்காரர்கள் அவரை 'விசில்' என்றுதான் சொல்வார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. "நான் விசில் அடிச்சாத்தான் வண்டி நிக்கும்" என்று மேடையிலேயே சொல்லிக் கைதட்டல் வாங்கிவிடுவார்.

தொழிற்சங்கத்தில் ஆரம்பித்து, வேலைநிறுத்தத்தில் வேலையைப் பறிகொடுத்து, சிறைக்குப் போய்த் திரும்பியவர். இரண்டு தேர்தல்களில் மண்ணைக் கவ்வினார். மூன்றாவதில் ஜெயித்தபோது கூடவே ஒரு கூட்டமே ஜெயித்து வந்தது. எதிர்க்கட்சித் தலைவர் பதவி, அதற்கென ஓர் அறை, ஒரு கார். கூட ஜெயித்து வந்தவர்களில் ஒருவனான மனைவியின் தம்பிதான் கட்சிச் செயலாளர். தலைவர் முழங்குவார், முழங்க வேண்டியதை எழுதிக் கொடுப்பது மைத்துனன்.

பிறகு ஆட்கள் கரையத் தொடங்கினார்கள். முதலில் போனவர், வைத்தியத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, மறுநாள் ஆளுங்கட்சி அலுவலக வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு படத்துக்கு நின்றார். மற்றவர்கள் காரணம் சொல்லக்கூட மெனக்கெடவில்லை. எண்ணிக்கை குறையவே பதவி போயிற்று. அறையைக் காலி செய்ய வந்த ஊழியர் கதவிலிருந்த பெயர்ப்பலகையைக் கழற்றி, "வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா சார்?" என்று கேட்டார்.

"வீட்ல என்னைத் தெரியும்ப்பா" என்றார் தலைவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்தான். வழக்கமாக நேரே சமையலறைக்குள் நுழைந்து அக்காவிடம் ஏதாவது வாங்கித் தின்றுவிட்டுத்தான் பேச்சையே எடுப்பான். அன்று கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். தலைவருக்குப் புரிந்துவிட்டது.

"எந்த இலாகா மாப்ளே?"

"சுகாதாரம்." தலை நிமிரவில்லை. "எத்தனை காலம்தான் மாமா கேள்வியே கேட்டுட்டு இருக்கிறது? ஒண்ணையாவது செஞ்சு பாக்கணும்னு இருக்கு."

"நான் வேணாம்னு சொன்னேனா?"

"திட்டவாவது செய்யுங்க."

"திட்டத்தான் பாக்குறேன். உன்னைத் திட்ட வாய் வரமாட்டேங்குது."

மனைவி இருவருக்கும் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். "அங்க போனா போ. அதுக்காக இங்க வராம இருந்துடாத" என்றாள் தம்பியிடம். "உங்க சண்டையில நான் எந்தக் கட்சியும் இல்ல."

அவன் போன பிறகு தலைவர், அவன் எழுதிக் கொடுத்திருந்த தாள்களையெல்லாம் எடுத்து ஒழுங்காக அடுக்கினார்.

அடுத்த கூட்டத்தொடரில் கட்சிக்கு மிஞ்சியது அவர் ஒருவர்தான். சபாநாயகர் கடைசியாகக் கூப்பிட்டு, சீக்கிரம் முடிக்கச் சொன்னார். அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷின்கள் பழுதாகிக் கிடப்பதைப் பற்றிக் கேட்டார் தலைவர். நோயாளிகள் மாடிப்படியில் படுத்திருப்பதை அமைச்சர் போய்ப் பார்த்தாரா என்று வறுத்தெடுத்தார். போன வருடம் மைத்துனனே எழுதிக் கொடுத்த கேள்வி அது. ஒரு வார்த்தை மாற்றவில்லை. அதைச் சபையில் சொல்லிக்காட்டவும் இல்லை.

அமைச்சராகிவிட்ட மைத்துனன் எழுந்து, அரசு பரிசீலிக்கும் என்று வாசித்துவிட்டு உட்கார்ந்தான். காது மடல் சிவந்திருந்தது. தலைவரும் உட்கார்ந்தார். மேசையைத் தட்டப் பக்கத்தில் ஆள் இல்லை.

புது மெஷின்கள் சில மாதங்களில் வந்து இறங்கின. மைத்துனன்தான் திறந்துவைத்தான், பேரும் அவனுக்கே போயிற்று. அடுத்த தேர்தலில் மைத்துனன் ஜெயித்தான், தலைவர் தோற்றார். இந்தத் தடவை தோல்வி அவரை அவ்வளவாக உலுக்கவில்லை. பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் வார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, மைத்துனனுக்குப் போன் போட்டார்.

"மாப்ளே, ஒரு மெஷின் இன்னும் பிரிக்காம அட்டைப்பெட்டியிலயே கிடக்கு."

"மாமா, நீங்க இப்ப உறுப்பினர்கூட இல்ல."

"அதுக்கென்ன? எப்ப ஓடும், அதைச் சொல்லு."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "அடுத்த மாசம்."

அடுத்த மாதம் ஓடவில்லை. தலைவர் மறுபடி போன் செய்தார். அதற்குப் பிறகு ஓடியது.