லின்ஃபீல்ட் பாப்பரசர்

"மூணு பேருமா?"

"மூண்டு பேரும்தான். மூண்டு ஈமெயில். மூண்டிலயும் 'இப்படிக்கு, தலைவர்' எண்டு கிடக்கு. மனேஜர் மனுசி என்னைக் கூப்பிட்டு, உங்கட சங்கத்துக்கு எத்தினை தலைவர் எண்டு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"சிரிச்சன். வேற என்னக்கா செய்யிறது?" என்றாள் நிலானி.

தமயந்தி கதவை இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தாள். அது அசையவில்லை. லின்ஃபீல்டில் அவர்கள் வாடகைக்கு எடுக்கும் மண்டபத்தின் கதவுப் பூட்டுக்கு எண் மாற்றியாகிவிட்டது. உள்ளே யாரோ பிக்கிள்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து மட்டையில் படும் டொக், டொக் சத்தம் வெளியே நின்றவர்களைக் கேலி செய்வது போலக் கேட்டது. கார் நிறுத்துமிடத்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டிருந்தார்கள். சின்னவள் சிவானி ஒரு காரின் பொனட்டில் ஏறி உட்கார்ந்து, "இஸ் டமில் ஸ்கூல் கேன்சல்ட்?" என்று ஆசையோடு கேட்டாள்.

நிலானி மாசி என்ற பகுதியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்பவள். சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பாள். தமயந்தி திருச்சிக்காரி, நர்ஸ். பெரிய பிள்ளைகள் அவள் பொறுப்பு. இருவருக்கும் சங்கத்தில் எந்தப் பதவியும் கிடையாது. அதனால்தான் வேலை முழுவதும் அவர்கள் தலையில் இருந்தது.

மண்டப மேலாளர் சொன்னதில் சிக்கல் ஒன்றுமில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள், தலைவர் யார் என்று மூவரும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சனிக்கிழமைக் காலைகள் இனிப் பிக்கிள்பால்காரர்களுக்கு. அக்கம்பக்கத்தில் வேறு மண்டபம் காலியில்லை என்பதை நிலானி ஏற்கெனவே விசாரித்திருந்தாள். இந்த இடம் போனால் வகுப்பும் போகும். பெற்றோர் இரண்டு வாரம் கவலைப்பட்டுவிட்டு, மூன்றாவது வாரம் பிள்ளைகளை நீச்சலில் சேர்த்துவிடுவார்கள்.

"இதுக்கெல்லாம் காரணம் நீதான்," என்றாள் தமயந்தி, கோபமில்லாமல். "அன்னைக்கு மீட்டிங்ல நீ வாயைத் தொறக்காம இருந்திருந்தா ரெண்டோட போயிருக்கும்."

"புத்தகத்தில இருந்ததைத்தான் சொன்னனான்."

"சரி, அந்தப் புத்தகத்துல அப்புறம் என்ன ஆச்சு?"

நிலானி தன் செருப்பைப் பார்த்தாள். "அதுக்கு மேல இன்னும் வாசிக்கேல்லை."

முதல் இரண்டு தலைவர்கள் வந்த கதை இது. விநாயகமூர்த்தி சங்கத்தைத் தொடங்கியவர். தொடங்கிய அன்று உட்கார்ந்த கதிரையை விட்டு அவர் பிறகு எழும்பவேயில்லை. ஆண்டுப் பொதுக்கூட்டம் என்பது, அவர் இன்னும் எழும்பவில்லை என்பதை ஊருக்கு அறிவிக்கும் சடங்கு. குமாரசாமி அவருக்குத் துணைத் தலைவர், கோயம்புத்தூர்க்காரர், கணினித் துறையில் பெரிய வேலை. மனைவியிடம் உப்பு வாங்கிவரச் சொல்வதென்றாலும் ஸ்லைடு போட்டுத்தான் சொல்வார் என்று பேச்சு. போன பொங்கல் விழாவுக்கு உள்ளூர் சபையிலிருந்து ஒரு விருந்தினர் வந்தார். அவருக்குப் பொன்னாடை போர்த்த விநாயகமூர்த்தி எழுந்தார். அதே நொடியில் குமாரசாமியும், தன் சொந்தச் செலவில் வாங்கிய வேறொரு பொன்னாடையோடு எழுந்தார். இடப்பக்கமிருந்து ஒன்று, வலப்பக்கமிருந்து ஒன்று. எதைக் கழற்றினால் யாருக்குக் கோபம் வரும் என்று தெரியாத அந்த வெள்ளைக்கார மனிதர், அந்நாட்டு ஜனவரிக் கோடை வெயிலில் இரண்டுக்குள்ளும் அவிந்தபடி நன்றியுரை வரைக்கும் உட்கார்ந்திருந்தார். மறுநாள் விடிந்தபோது சங்கம் இரண்டாகியிருந்தது. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே சின்னம்.

யாழ்ப்பாணத்தார் ஒரு பக்கம், தமிழ்நாட்டார் ஒரு பக்கம் என்று பிரிந்திருந்தால்கூட அதற்கொரு நியாயம் சொல்லலாம். அவர்களோ யாருக்கு யாருடன் பகை என்று பார்த்துப் பிரிந்தார்கள். மைத்துனன் அங்கே போனால் இவன் இங்கே. பக்கத்து வீட்டுக்காரி இங்கே என்றால் இவள் அங்கே. கொள்கை என்ன என்று கேட்டால் மட்டும் இரு தரப்பும், "தமிழ்" என்றார்கள்.

நிலானி அந்த நாட்களில் பேருந்தில் வாசித்துக்கொண்டிருந்த மொழிபெயர்ப்பு வரலாற்றிலும் இதே கூத்துத்தான். அறுநூறு ஆண்டுகளுக்கு முந்திய ஐரோப்பா. ரோமில் ஒரு பாப்பரசர், பிரான்ஸ் பக்கத்து அவிஞ்ஞோன் நகரில் ஒரு பாப்பரசர். பாப்பரசர், அதாவது போப்பாண்டவர் என்றால் ஜெபமாலை உருட்டும் சாமியார் மட்டுமல்ல. நாடு, படை, வரி எல்லாம் வைத்திருந்த அரசர். இவர் அவரைச் சபிப்பார், அவர் இவரைச் சபிப்பார். பிரான்ஸ் அவிஞ்ஞோன் பக்கம் நின்றது. ஆகவே இங்கிலாந்து ரோம் பக்கம். இங்கிலாந்து ரோம் பக்கம் என்ற ஒரே காரணத்துக்காக ஸ்கொட்லாந்து அவிஞ்ஞோன் பக்கம். கடவுளுக்கு அடுத்தபடி தாங்கள்தான் என்று நினைத்திருந்த அந்த முடிமன்னர்களின் இறைபக்தி இவ்வளவுதான். வழக்கைத் தீர்த்துவைக்கப் பிரான்ஸ் அரசரும் ஜெர்மன் அரசரும் ஒருமுறை சந்தித்தார்களாம். ஒருவர், தன் உடம்பு கண்ணாடியால் ஆனது, யாராவது தொட்டால் உடைந்துவிடும் என்று அவ்வப்போது நம்பியவர். மற்றவர் குடிக்குப் பேர்போனவர். ஈஸ்ட் டாமாக்கித் தொழிற்பேட்டையில் எந்தக் கிட்டங்கியிலும் இவர்களை ஒரு ஃபோர்க்லிஃப்டில் ஏற விட்டிருக்க மாட்டார்கள். இவர்கள் கையில் ஆளுக்கொரு நாடு இருந்தது.

கடைசியில் பீசா நகரத்தில் உயர்குருமாரான கர்தினால்மார் ஒன்றுகூடி, இரண்டு பேரையும் நீக்கிவிட்டதாக அறிவித்து, பொதுவான மூன்றாவது ஆள் ஒருவரைத் தெரிவு செய்தார்கள். அத்தியாயம் அங்கே முடிந்தது. பேருந்தும் மாசிக்கு வந்துவிட்டது. நிலானி புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, ஞானம் நிரம்பியவளாக இறங்கினாள்.

அன்று மாலைதான் சமாதானக் கூட்டம். அவள் எழுந்து, "ரெண்டு பேரும் வேண்டாம், பொதுவா ஒராளைப் போடுங்கோ," என்றாள். அப்படிக் கைதட்டினார்கள்! சதாசிவம் தெரிவானார். ஈப்போவிலிருந்து வந்து இன்சூரன்ஸ் விற்பவர். இரு தரப்புக்கும் அவரைச் சரியாகத் தெரியாது என்பதே அவருடைய தகுதி. "ஒரு மாசம் பாத்துக்கிறேன்லா, அப்புறம் நீங்களே எடுத்துக்குங்க," என்று கைகூப்பியவர், அடுத்த வாரமே தலைவர் என்று போட்டு விசிட்டிங் கார்டு அடித்துவிட்டார். பழைய இருவரையும் விலகச் சொல்ல அந்தக் கைதட்டலில் யாருக்கும் நினைவு வரவில்லை.

பூட்டிக் கிடந்த மண்டபத்திலிருந்து நியூ லின்னில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் நிலானி மிச்சத்தைத் திறந்தாள். அடுத்த அத்தியாயத்தின் முதல் வரியே இதுதான்: இப்போது கிறிஸ்தவ உலகத்துக்கு மூன்று பாப்பரசர்கள் இருந்தார்கள்.

ஒரு பக்கம். ஒரேயொரு பக்கம் திருப்பியிருந்தால் போதும். அவள் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு, கடைசித் தரிப்பிடம் வரை வாசித்தாள். ஐந்து வருடம் கழித்துக் கொன்ஸ்தான்சு என்ற ஊரில் இன்னொரு பெருங்கூட்டம் கூடியது. மூன்றாவது ஆள் அதற்குள் இறந்துபோக, அவருடைய இடத்துக்கு வந்தவர் குதிரைக்காரன் வேடம் போட்டு இரவோடிரவாக ஓடிப்போனார். ரோம்காரர் மரியாதையாக விலகினார். ஆனால் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த அந்தக் கூட்டத்தைத் தானே கூட்டியதாக முதலில் ஒரு கடிதம் வாசிக்கப்பட வேண்டும் என்றார். வாசித்தார்கள். அவிஞ்ஞோன்காரரான பதின்மூன்றாம் பெனடிக்ட் மட்டும் அசையவில்லை. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறைக் கோட்டையில் போய் உட்கார்ந்து, உண்மையான திருச்சபை இங்கேதான் இருக்கிறது என்றார்.

அன்றிரவே தமயந்திக்கு எல்லாவற்றையும் சொல்லி, அதே போல மூவரையும் விலக வைக்கலாம் என்றாள். "இந்தத் தடவை கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சியா?" என்று கேட்டுவிட்டுத்தான் தமயந்தி சம்மதித்தாள்.

சதாசிவத்தைத் தேடிப்போகத் தேவையே வரவில்லை. இரண்டு தரப்பும் மாறிமாறிப் போன் செய்ததில், பக்கத்து ஊரான ஹமில்டனில் ஒரு கலியாணம் என்று புறப்பட்டவர், கடல் தாண்டிப் பிரிஸ்பேனில் மகள் வீட்டிலிருந்து சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவைவிட்டு வெளியேறினார். இந்தக் காலத்தில் முடி துறப்பது அப்படித்தான்.

குமாரசாமி ஸ்லைடு போட்டார். முதல் ஸ்லைடில் அவருடைய தியாகம். இரண்டாவதில் நிபந்தனைகள். "இந்த ராஜினாமா ஐடியாவையே நான்தான் கொண்டுவந்தேன்னு மினிட்ஸ்ல இருக்கணும்."

"இருக்கும் சார்," என்றாள் தமயந்தி.

"தீபாவளிக்குக் குத்துவிளக்குல மொதல் திரி நான்தான் ஏத்துவேன்."

"ஏத்துங்க சார். அஞ்சு திரியும் நீங்களே ஏத்துங்க."

"அப்புறம் அவரும் வெலகினாத்தான் என்னோடது செல்லும். அவர் கை காட்டுற ஆள் யாராச்சும் தலைவரா வந்தா, என் ராஜினாமா வாபஸ். தெளிவா சொல்லிட்டேன்."

மூவரும் விலகிவிட்டால், அடுத்த தலைவரை நிதானமாகத் தேர்தல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், அதுவரை வகுப்பின் பெயரிலேயே மண்டபம் தருகிறேன் என்று மேலாளர் ஒத்துக்கொண்டார். அந்த நல்ல மனுசிக்கும் பிக்கிள்பால் சத்தம் பிடிக்கவில்லை போலும். இனி ஒரே ஒரு கையெழுத்துத்தான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நிலானி விநாயகமூர்த்தி வீட்டுக் கதவைத் தட்டினாள். லின்ஃபீல்டின் சரிவில், கீழே மனுகாவ் கடல் தெரியும் வீடு. காராஜ் கதவில் 'சங்கத் தலைமையகம்' என்ற பலகை. வரவேற்பறைக் கண்ணாடி அலமாரி முழுக்கப் பொன்னாடைகள். ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள் மடிந்து கிடந்தது. சங்கம் விருந்தினருக்குக் கொடுத்ததைவிட, விருந்தினர் கையால் அவர் வாங்கிக்கொண்டது அதிகம்.

"வாரும் பிள்ளை. நல்ல நேரம் வந்தீர். நிர்வாகக் குழு இருக்குது," என்றார்.

நிர்வாகக் குழு சாப்பாட்டு மேசையில் சில்வர்பீட் கீரை நறுக்கிக்கொண்டிருந்தது. அவர் மனைவி அன்னபாக்கியம் இப்போது துணைத் தலைவர், செயலாளர் இரண்டும். மகன் ரஜிதன் பொருளாளர். அவன் வெலிங்டனில் இருந்தான், தான் பொருளாளர் என்பது அவனுக்குத் தெரியாது.

நிலானி பாறைக் கோட்டைக் கதையிலிருந்து தொடங்கினாள். உறைக்கும் என்று நினைத்தாள். உலகம் முழுக்க வேறொரு பாப்பரசரை ஏற்றுக்கொண்ட பிறகும், கடல் காற்றில், விரல்விட்டு எண்ணக்கூடிய நாலு கர்தினால்மாரோடு, தன்னந்தனியே ஆசீர்வாதம் கொடுத்துக்கொண்டிருந்த கிழவர். விநாயகமூர்த்தி கதிரை நுனிக்கு வந்துவிட்டார்.

"கடைசி வரைக்கும் விடேல்லை, என்ன?"

"விடேல்லை அங்கிள்."

"எத்தினை வயசு மட்டும் இருந்தவர்?"

"தொண்ணூறு தாண்டி."

"பாத்தியே அன்னம்! ஆம்பிளை."

"அந்தாளுக்கு ஆர் சமைச்சுப் போட்டது?" என்றார் அன்னபாக்கியம், கத்தியை நிறுத்தாமல்.

"அவர் செத்த பிறகு?" என்று விநாயகமூர்த்தி ஆவலாகக் கேட்டார்.

"அந்த நாலு பேரில மூண்டு பேர் ஒரு பாப்பரசரைப் போட்டினம். மற்றவர் அதுகும் பிழை எண்டு, தான் தனியா இருந்து இன்னொருத்தரைத் தெரிவு செய்தவராம்."

நிலானி இதை மனித மடமையின் உச்சமாகச் சொன்னாள். விநாயகமூர்த்தி தலையாட்டிக் கேட்டார், நிர்வாக ஆலோசனை கேட்பவர் போல.

"அங்கிள், பகிடி விடேல்லை. போன கிழமை பிள்ளையள் கார் பார்க்கில நிண்டவை. இண்டைக்கு அஞ்சு மணிக்குப் பிறகு அந்தக் கார் பார்க்கும் இல்லை. சதாசிவம் அங்கிள் ஓடிட்டார். குமாரசாமி சேர் விலகச் சம்மதிச்சிட்டார்."

"அப்ப நான் ஒருத்தன்தான் தலைவர்!"

"நீங்கள் விலகினாத்தான் அவரும் விலகுவார்."

"அவன் விலகுறதுக்கு நான் ஏன் விலகவேணும்?"

"இஞ்சேருங்கோ," என்றார் அன்னபாக்கியம். கத்தி நின்றிருந்தது. "போன கூட்டத்துக்கு ஆர் வந்தது? நானும் நீங்களும். நான் இடையில எழும்பிச் சோத்தைப் பாக்கப் போனன். நீங்கள் அப்பவும் மைக்கைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். இந்தப் பிள்ளை கேக்கிறதைக் குடுத்துவிடுங்கோ."

கீழே மனுகாவில் நீர் வற்றி, சேற்று நிலம் வெகுதூரத்துக்குப் பளபளத்தது. விநாயகமூர்த்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பலர் பல வருடமாகக் காத்திருந்த காட்சி நடந்தது: அவர் கதிரையை விட்டு எழும்பினார்.

அலமாரியைத் திறந்து, ஆகப் பெரிய சரிகை போட்ட பொன்னாடை ஒன்றை உறையிலிருந்து உருவினார். பூச்சி உருண்டை மணத்தது. நிலானி என்ன ஏது என்று யோசிப்பதற்குள் அது அவள் தோளைச் சுற்றிவிட்டது. கனமாக, கதகதப்பாக இருந்தது. அலமாரிக் கண்ணாடியில் தன்னைக் கண்டாள். மருந்துக்கடைச் சட்டைக்கு மேல் பொன்னிறக் கரை. கழுத்து தானாகவே கொஞ்சம் நிமிர்ந்தது. அதைப் பார்த்து அவளுக்கே கூசியது. ஆனாலும் உடனே கழற்றவில்லை.

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. ஐந்தாக இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது.

விநாயகமூர்த்தி பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். அவள் கொண்டுவந்த தாளில், கையெழுத்து இட வேண்டிய கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே அதைப் பிடித்துக்கொண்டார்.

"வைக்கிறன் பிள்ளை. இப்பவே வைக்கிறன். தேர்தல் கீர்தல் ஒண்டும் வேண்டாம். எனக்குப் பிறகு அந்தக் கதிரையில நீர் இரும். விநாயகமூர்த்தி கை காட்டின ஆள் எண்டு ஊர் சொல்லட்டும், அது காணும் எனக்கு. ஒருக்கா ஓமெண்டு சொல்லும்."